முட்டை ஓட்டில் நல்லெண்ணெய்

பார்த்து உட்காருங்கள் தம்பி. கூடையில் முட்டை இருக்கிறது. உமி போட்டுத்தான் அடுக்கியிருக்கிறேன். இருந்தாலும் இந்த டிரைவர் ஓட்டுகிற ஓட்டத்துக்குக் கீழே வைக்கப் பயமாக இருக்கிறது. மடியிலேயே இருக்கட்டும். உங்கள் காலில் இடிக்கவில்லையே?

எல்லாம் நாட்டுக்கோழி முட்டை. என் வீட்டுக் கோழி. பத்து நாளாக ஒன்றுகூட விற்காமல் சேர்த்தேன். திருப்பூரில் என் மகள் இருக்கிறாள், நாகஜோதி. அவளுடைய மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சடங்கு. மாப்பிள்ளைதான் போன் பண்ணிச் சொன்னார். பிறகு மகள் வாங்கிப் பேசினாள். "அப்பா, நீங்க வந்தாப் போதும். ஒண்ணும் தூக்கிட்டு வராதீங்க" என்றாள். நான் சுமக்கக் கூடாது என்று பார்ப்பாள். எப்போதும் அப்படித்தான். போனை வைக்கிறதுக்கு முன்னால் இன்னொரு தடவையும் சொன்னாள், ஒன்றும் வேண்டாம் என்று. பேத்திக்குச் சடங்கு, தாத்தா கையை வீசிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்?

நீங்கள் எதுவரை? அவினாசிபாளையமா. சரி, நான் அதையும் தாண்டிக் கோவில்வழியில் இறங்க வேண்டும். நீங்கள் இறங்குகிறவரைக்கும் பேச்சுத் துணை ஆயிற்று. வீட்டில் பிள்ளைகள் உண்டா? இரண்டா. நல்லது, நல்லது.

எனக்கு ஒன்றுதான். அதற்கு எட்டு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். மஞ்சள் காமாலை. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. பகல் ஷிப்டுதான் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். காலையில் சோறு வடித்து, தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். தலை பின்னக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மூன்று கால் பின்னலில் எந்தக் காலை எதன் மேல் போடுவது என்று சணல் கயிற்றை ஜன்னலில் கட்டிப் பழகினேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவளும் சிரிப்பாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் மில் கேட்டுக்கு வந்துவிடுவாள். நான் சைக்கிளில் வருவேன், அவள் பக்கத்திலேயே ஓடி வருவாள். பின்னால் உட்கார் என்றால் உட்கார மாட்டாள். இரண்டு மைல். ஓடிக்கொண்டே அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்லுவாள். அவளுக்கு மூச்சு வாங்காது. பதில் சொல்கிற எனக்குத்தான் வாங்கும். "என்னப்பா, சைக்கிள்ல காத்து இல்லையா?" என்று கேலி பண்ணுவாள்.

இதைப் பார்த்துத்தான் எஸ்தர் டீச்சர் அவளைப் பிடித்தது. விளையாட்டு டீச்சர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் ஓடவிட்டது. எட்டாம் வகுப்பிலேயே மாவட்டத்தில் இரண்டாவது. ஒன்பதாவதில் முதலாவது. செருப்பில்லாமல் ஓடினாள். ஏப்ரல் மாதம் மெட்ராசில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், இவளை எடுத்துவிடுவார்கள், படிப்பு சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னது. நான் தலையாட்டினேன். பிள்ளையைப் பிரிந்து எப்படி இருப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, அவள் அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அந்தத் தை மாதம், பொங்கல் கழிந்து நாலாம் நாள், பெரிய மனுஷி ஆனாள்.

நான் மில்லில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து கேட்டில் நின்றுகொண்டு என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "உங்க அக்காவை வரச்சொல்லுங்கண்ணே" என்று மட்டும் சொன்னது. புரிந்துகொண்டேன். என் அக்கா முத்துப்பேச்சி அன்றைக்கே வந்துவிட்டது. மாமன்காரன் ஓலை வெட்டிக் குடிசை கட்டினான். அக்கா உளுந்தங்களி கிண்டிப் போட்டது. முட்டையும் அக்காதான் சொன்னது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டை. உடைத்து அப்படியே வாயில் ஊற்ற வேண்டும். அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் ஊற்றி, அதையும் விழுங்க வேண்டும். ஓடுதான் அளவு. இடுப்புக்குப் பலம். நாளைக்குப் பிள்ளை பெறுகிறபோது தெரியும் என்பார்கள். உங்கள் பக்கமும் உண்டுதானே?

அக்கா பதினாறு நாள் இருந்தது. போகும்போது, "போதும்டா, பதினாறு நாள் குடுத்தாச்சு" என்றது. நான் விடவில்லை. தாய் இல்லாத பிள்ளைக்கு எதையோ குறைத்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதுவும் ஓடுகிற பிள்ளை. மெட்ராசுக்குப் போகிற பிள்ளை. ஒரு மண்டலம் கொடுப்பது என்று முடிவு பண்ணினேன். நாற்பத்தெட்டு நாள். என் கையாலேயே கொடுத்தேன். கோழிக் கூடையிலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, உடைத்து, வாயில் ஊற்றி, ஓட்டில் எண்ணெய் ஊற்றி. அவளுக்குப் பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். "இன்னிக்கு மட்டும் வேணாம்பா" என்பாள். விழுங்குகிறவரைக்கும் நான் நகர மாட்டேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மில்லுக்குக் கிளம்புவேன்.

அக்கா போன ஐந்தாறு நாளில் அவளுக்கு வயிற்றாலே போயிற்று. காய்ச்சலும் சேர்ந்து மூன்று நாள். பிள்ளை துவண்டு போய்விட்டாள். அக்காவுக்குப் போன் பண்ணினேன். உடம்பில் இருக்கிற கசடெல்லாம் வெளியேறுகிறது, நல்லதுதான் என்றது. சரிதானே என்று நானும் இருந்துவிட்டேன். நாலாம் நாள் தெளிந்துவிட்டாள். ஐந்தாம் நாள் மறுபடியும் முட்டை கொடுக்க ஆரம்பித்தேன். இழந்த பலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டாமா?

இதில் நான் என்ன தப்புப் பண்ணினேன்? சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தாள். பள்ளிக்கூடம் போனாள், ஓட ஆரம்பித்தாள். ஒரு நாள் காலையில் பாயை விட்டு எழுந்து காலை ஊன்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகால் வலிக்கிறது என்றாள். மறுநாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. கண் இரண்டும் சிவந்திருந்தது. கண்ணுக்கு மெட்ராஸ் ஐ, காலுக்குச் சுளுக்கு என்று நினைத்தேன். இரண்டுக்கும் தனித்தனியாக மருந்து போட்டேன். இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல். அதை என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? எஸ்தர் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் என்ன செய்தது தெரியுமா? என்னைக் கேட்காமல் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கிருந்து மில்லுக்குப் போன். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட இருக்கும். காலைப் பார்த்தது, கண்ணைப் பார்த்தது. பிறகு சம்பந்தமே இல்லாமல் என்னிடம் கேட்டது, போன மாதம் இவளுக்கு வயிற்றாலே போயிற்றா என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோசியம் பார்க்கிற மாதிரி. ஆமாம் என்றேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டது. நான் பெருமையாகத்தான் சொன்னேன். உளுந்தங்களி, நல்லெண்ணெய், தினம் ஒரு நாட்டுக்கோழி முட்டை.

"அவிச்சா, பச்சையா?"

பச்சையாகத்தான் என்றேன். ஓட்டைக் கழுவினீர்களா என்று கேட்டது. எண்ணெயை அதே ஓட்டிலா ஊற்றினீர்கள் என்று கேட்டது. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி. கேட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னது:

"ஐயா, முட்டையில ஒரு கிருமி இருந்திருக்கும்னு நினைக்கிறேன். அது வயித்துக்குள்ள போச்சு. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட்டுச்சு, கிருமி செத்துப்போச்சு. ஆனா சண்டை நிக்கல. இப்ப மூட்டுல நடக்குது, கண்ணுல நடக்குது. இது சுளுக்கு இல்ல. இதுவும் ஒரு மூட்டு வாதம்தான்."

வயிற்றுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். என் அக்காவுக்கு மூன்று பெண்கள். மூன்றுக்கும் பச்சை முட்டைதான் கொடுத்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் குடிக்கிறது. யாருக்கு வந்தது? அதற்கு அந்த அம்மா கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னது. "நூறு பேருக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா. யாராவது ஒருத்தருக்கு இப்படி ஆயிடும். சில பேரு உடம்பு வாகு அப்படி."

அந்த ஒருத்தி ஏன் என் பெண்ணாக இருக்க வேண்டும்? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். யாரிடம் கேட்பது?

மாத்திரை கொடுத்தார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து. வீக்கம் குறையக் குறையக் காலை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும், அதற்கென்று ஒரு அறை இருக்கிறது, வாரம் இரண்டு நாள் கூட்டி வாருங்கள் என்றது. ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றது. அப்போதுதான் நாகஜோதி கேட்டாள், ஏப்ரலில் ஓடலாமா என்று. டாக்டரம்மா அவள் தலையில் கை வைத்தது. "இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் ஓடு. நானே வந்து கைதட்டறேன்" என்றது.

கடைசியில் ஒரு சீட்டை எடுத்து எனக்குப் புரியட்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தது. 'பச்சை முட்டை கூடாது. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.' அடியில் கோடு வேறு. டீச்சர் பக்கத்தில் நிற்கிறது. என் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஏதோ பிள்ளைக்கு விஷம் வைத்தவன் மாதிரி அந்தச் சீட்டை என் கையில் கொடுத்தது. தம்பி, என் கோழி. என் கண் முன்னால் மேய்ந்த கோழி. என் கை.

மாத்திரை பத்து நாள் கொடுத்தேன். வீக்கம் பாதி வற்றிவிட்டது. கண் வெளுத்துவிட்டது. எரிச்சலும் நின்றதாக டீச்சர் சொல்லியனுப்பியது. அப்புறம் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

ஆறு மாதம் என்கிறார்களே, ஏப்ரல் கடைசியில் தேர்வு, ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. பிள்ளையின் வாழ்க்கை ஏப்ரலில் இருக்கிறது. விசாரித்தபோது மேற்கே ஒரு கட்டு வைத்தியர் இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போனேன். அவர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். ஜவ்வு விலகியிருக்கிறது, நாற்பது நாள் கட்டினால் குதிரை மாதிரி ஓடுவாள் என்றார். நாளை எண்ணிப் பார்த்தேன். கட்டைப் பிரித்தால் விடுதித் தேர்வுக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும். கடவுளே கணக்குப் போட்ட மாதிரி இருந்தது. உளுந்து மாவும் முட்டை வெள்ளைக் கருவும் குழைத்துத் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும். காலை நீட்டினபடியே இருக்க வேண்டும், அசைக்கவே கூடாது. தினம் இரண்டு பச்சை முட்டை கொடுக்கச் சொன்னார்.

பஸ்சில் திரும்பி வரும்போது, காலை நீட்டி உட்கார வேண்டுமே, கடைசி சீட்டில் என் மடிமேல் காலை வைத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் சொன்னாள், "அப்பா, அந்த டாக்டரம்மாகிட்டயே போலாம்பா." நான் கேட்காத மாதிரி இருந்தேன். மறுபடியும் சொன்னாள். "அவங்க மடக்கி நீட்டச் சொன்னாங்கல்லப்பா." எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "என்னையவிட அவ ஒசத்தியா போயிட்டாளா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதே இல்லை தம்பி. பாவாடை தாவணி கேட்டதில்லை. திருவிழாவுக்குக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு நகை கேட்டதில்லை. இன்றைக்குவரைக்கும் கேட்டதில்லை. அப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

ஒரே ஒரு தடவை அடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்டு இருபது நாள் இருக்கும். மில்லுக்குக் கிளம்பியவன் சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பார்த்தால் முட்டைக் கரு. ஒரு நாள் ஊற்றியது இல்லை, பல நாள் ஊற்றியது. வாயில் அடக்கி வைத்திருந்து, நான் தெருவைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு போய்த் துப்பியிருக்கிறாள். அன்றைக்குக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அழவில்லை. அடுத்த நாளிலிருந்து நானே அடைக்கோழியைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையில் இறங்குவதைப் பார்த்தபிறகுதான் எழுந்தேன்.

நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். கால் வாழைத்தண்டு மாதிரி வெளிறி, மெலிந்து போயிருந்தது. மடக்கு என்றார் வைத்தியர். அவள் குனிந்து தன் முழங்காலையே பார்த்தாள். ஏதோ அடுத்தவர் காலைப் பார்க்கிற மாதிரி. நானும் மடக்கு என்றேன். "மடக்க வரலப்பா" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை இல்லை என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னாள்.

தேர்வு நடந்த அன்றைக்குக் காலையில் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கால் நீட்டியபடியே. எஸ்தர் டீச்சர் வந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதுவும் கடலை உரித்தது. நான் உள்ளே நின்றுகொண்டு அந்த உடைகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

போகப் போகக் கொஞ்சம் மடங்கியது. முழுக்க மடங்கவில்லை. அந்தக் காலை ஒரு வீச்சு வீசித்தான் நடப்பாள். மில் கேட்டுக்கு வருவது நின்றுவிட்டது. நான் சைக்கிளில் தனியாக வருவேன். அந்த இரண்டு மைல் எவ்வளவு தூரம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. மாப்பிள்ளை டெய்லர், தங்கமான மனிதர். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள், உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒரு பிள்ளைக்கு மேல் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். பேத்தியும் நன்றாக ஓடுவாளாம். மாப்பிள்ளைதான் சொன்னார், மகள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மெடல் வாங்கியிருக்கிறாளாம். அதைக் கேட்டதிலிருந்துதான் முட்டை சேர்க்க ஆரம்பித்தேன்.

அந்தச் சீட்டு என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? இருக்கிறது. என் வீட்டுக்காரியின் புடவைக்கு அடியில், டிரங்குப் பெட்டியில். ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிழித்துப்போட ஒவ்வொரு தடவையும் எடுப்பேன். படித்துவிட்டு வைத்துவிடுவேன்.

இருங்கள், போன் அடிக்கிறது. மகள்தான்.

...ஆங், குண்டடம் தாண்டியாச்சும்மா. உக்காந்துதான் வர்றேன். சாப்பிட்டேன். ...என்னது? ...இல்லம்மா. இல்ல. ஒண்ணும் எடுத்துட்டு வரல. ...முட்டையா? இல்லம்மா. ...நீ எதுக்கு, அந்தக் காலை வச்சுக்கிட்டு? மாப்பிள்ளைய அனுப்பு. ...சரி. சரி, வா.

அவளே வருகிறாளாம், கோவில்வழிக்கு. அங்கே வந்து நிற்கிறாளாம். மாப்பிள்ளை வேண்டாம், நானே வருகிறேன் என்கிறாள். அப்பா மேல் அவ்வளவு பாசம். அந்தக் கூட்டத்தில் அவளைத் தேடவே வேண்டாம் தம்பி. கையைக்கூட ஆட்ட வேண்டாம். பஸ்சை நோக்கி ஓர் எட்டு வைத்தால் போதும், எனக்குத் தெரிந்துவிடும்.

முட்டை எடுத்துக்கொண்டு வருகிறீர்களா என்று கேட்டாள். நேராக அதைத்தான் கேட்டாள். இருபது வருடத்தில் முட்டை என்கிற வார்த்தையை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. என் வாயில் இல்லை என்று வந்துவிட்டது. ஏன் பொய் சொன்னேன்? எடுத்துக்கொண்டுதானே வருகிறேன். இதோ, மடியில்தானே இருக்கிறது.

அவினாசிபாளையம் வந்துவிட்டதா? கண்டக்டர் குரல் கொடுக்கிறார் பாருங்கள். எழுந்திருங்கள், எழுந்திருங்கள். பை எல்லாம் எடுத்துக்கொண்டீர்களா? இதையும் பிடியுங்கள். ஆமாம், கூடையோடுதான். அட, பிடியுங்கள் தம்பி, காசெல்லாம் வேண்டாம். பிள்ளைகளுக்குத்தானே. சுமந்துகொண்டு போனால் என் மகள் திட்டுவாள், அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் பிடியுங்கள், உமி சிந்துகிறது.

தம்பி. ஒரு நிமிடம். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.